சுவர் அருகே நின்ற ஆசிரியர்: லாரி பேக்கர், ஒரு நிகழ்வு ஆய்வு

என்னோடு வந்த இரண்டு கொத்தனார்களும் மேசையில் வைத்த காபியைத் தொடவே இல்லை. ஒருவர் சுவரில் இருந்த துளைக்குள் விரலை விட்டு ஆழம் பார்த்தார். இன்னொருவர் எழுந்து போய், தரை எந்த இடத்தில் ஏறத் தொடங்குகிறது என்று குனிந்து தேடிக்கொண்டிருந்தார். திருவனந்தபுரம் தம்பானூரில் பேருந்து நிலையத்தை ஒட்டி நிற்கும் இந்தியன் காபி ஹவுஸ் அது. வெளியே இருந்து பார்த்தால் செங்கல் நிறத்தில் ஒரு பெரிய உருளை. உள்ளே தனித்தனி மாடி கிடையாது. தரையே நடுத்தண்டைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். சாய்ந்து ஏறுகிற அந்தத் தரையில், வெளிச்சுவரை ஒட்டி மேசையும் இருக்கையும் மட்டம் தப்பாமல் கட்டப்பட்டிருக்கும். தம்ளரில் காபி ஒரு பக்கமாகச் சாயாது.

இருவரில் மூத்தவர் திரும்பி வந்து உட்கார்ந்து சொன்னார்: "இத பிளான பாத்து மட்டும் கெட்டியிருக்க முடியாது சார். ஆரோ கூடவே நின்னு சொல்லிக் குடுத்திருக்கணும்."

அப்படி நின்றவர் பெயர் லாரி பேக்கர். கட்டடக் கலைஞர் என்றுதான் அவரை எல்லோருக்கும் தெரியும். குறைந்த செலவில் வீடு கட்டியவர், 1990-ல் பத்மஸ்ரீ பெற்றவர், காந்தியைச் சந்தித்த ஆங்கிலேயர் என்று அவரைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் நாகர்கோவில் பக்கம் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்ப்பவன். எனக்கு அவர் முதலில் ஒரு தொழிலாசிரியர். பள்ளிக்கூடமும் கரும்பலகையும் வருகைப் பதிவேடும் இல்லாமல், கரணை பிடித்த கைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பாடம் எப்படி நடந்தது, அதில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று பார்ப்பதுதான் என் நோக்கம். அதோடு அவருடைய குடும்ப வாழ்க்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தப் பாடம் பாதி உருவானது வீட்டுக்குள்தான்.

முதலில் மாணவர்

பேக்கர் பிறந்தது 1917 மார்ச் 2-ம் தேதி, இங்கிலாந்தின் பர்மிங்காமில். அதே ஊரில் கட்டடக்கலை படித்து 1937-ல் முடித்தார். போரில் ஆயுதம் எடுக்க மறுக்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் நம்பிக்கை அவருடையது. அதனால் இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஆம்புலன்ஸ் தொண்டர் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். அங்கே தொழுநோயாளிகளுக்கு இடையே வேலை. ஊருக்குத் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகச் சில மாதம் காத்திருக்க நேர்ந்தது. அப்போதுதான் காந்தியைச் சந்தித்தார். துணிக் கிழிசல்களைக் கொண்டு தானே செய்த செருப்பைப் பேக்கர் போட்டிருந்தாராம். பேச்சு அந்தச் செருப்பில் தொடங்கியது. ஒரு நல்ல கிராமத்தில் நல்ல வீடு என்பது சுற்றிலும் ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்டியதாக இருக்கும் என்ற காந்தியின் கருத்தைக் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

1945-ல் தொழுநோயாளிகளுக்கான ஒரு தொண்டு அமைப்பின் கட்டடக்காரராக இந்தியா வந்தார். நோயாளிகளை அடைத்துவைக்கும் பழைய விடுதிகளை மருத்துவமனைகளாக மாற்றுவதுதான் வேலை. வந்ததும் அவருக்குத் தெரிந்த ஒரு விஷயம் முக்கியமானது: பர்மிங்காமில் படித்த படிப்பு இங்கே அப்படியே செல்லுபடியாகாது. மண் சுவர், செம்புரைக்கல், சாணி, கரையான், ஒரே மாதத்தில் கொட்டித் தீர்க்கும் மழை. பாடப்புத்தகத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லை. ஆனால் ஊர்க்காரர்கள் இவற்றோடுதான் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருந்தார்கள். படித்தவர் நிறையப் பேர் இந்த இடத்தில் ஊர்க்காரர்களுக்கு அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். பேக்கர் அவர்களிடம் கேட்கத் தொடங்கினார்.

எலிசபெத் அவர் வாழ்க்கைக்குள் வந்ததும் அந்த நாட்களில்தான். கேரளத்துக்காரர், மருத்துவர். உத்தரப் பிரதேசத்துப் பைசாபாத்தில் பேக்கர் தங்கியிருந்தது எலிசபெத்தின் அண்ணன் வீட்டில். அந்த அண்ணனும் மருத்துவரே. இருவரும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தபோது இரண்டு குடும்பங்களிலும் எதிர்ப்பு இருந்தது. காத்திருந்தார்கள். 1948-ல் திருமணம் நடந்தது.

மணமக்களாக இமயமலைப் பக்கம் பித்தோராகட்டுக்குப் போனார்கள். வந்திருப்பவர் டாக்டர் என்று தெரிந்ததும் மலைக்கிராமங்களிலிருந்து நோயாளிகள் தேடி வர ஆரம்பித்துவிட்டார்கள். சில நாள் தங்க வந்தவர்கள் சுமார் பதினாறு வருடம் அங்கேயே இருந்தார்கள். எலிசபெத் வைத்தியம் பார்த்தார். பேக்கர் மருத்துவமனையைக் கட்டினார், அதே மருத்துவமனையில் மனைவிக்கு உதவியாளராகவும் நின்றார். இந்தப் பதினாறு வருடத்தைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அவருடைய மொத்த வாழ்க்கைக்கும் அடித்தளம் அதுதான் என்று தோன்றுகிறது. மலைச்சரிவில் கல்லை உடைத்து அடுக்கும் உள்ளூர்க் கொத்தர்களோடு நின்று, எந்தக் கல் எந்தப் பக்கம் படுக்கும் என்று கற்றுக்கொண்டார். பட்டம் வாங்கிய ஒருவர் முப்பது வயதுக்கு மேல் மறுபடி மாணவராக உட்காருவது லேசான காரியம் இல்லை. பின்னால் அவர் கொத்தனார்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தில் மிரட்டல் இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கற்றுக்கொள்ளும்போது கை எப்படித் தடுமாறும் என்று அவருக்குத் தெரியும்.

1963-ல் கேரளத்துக்கு வந்தார்கள். முதலில் வாகமண் மலை. 1970 வாக்கில் திருவனந்தபுரம்.

மூன்று அங்குல வெற்றிடம்

பேக்கர் சொல்லிக்கொடுத்தவற்றில் அதிகம் பேசப்படுவது எலிப்பொறிக் கட்டு. ராட் ட்ராப் பாண்ட் என்று எஞ்சினியர்கள் சொல்வார்கள். அவர் கண்டுபிடித்தது இல்லை. 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே அப்படிச் சுவர் கட்டியிருக்கிறார்கள். கேரளத்துக் கொத்தனாரின் கைக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்.

சாதாரணமாக ஒன்பது இஞ்ச் சுவர் என்றால் செங்கல்லைப் படுக்கவைத்துக் கட்டுவோம். உள்ளே வெற்றிடம் இருக்காது. எலிப்பொறிக் கட்டில் கல்லை விளிம்பில் நிறுத்துகிறோம். ஒன்பது அங்குல நீளம், மூன்று அங்குலத் தடிமன் உள்ள கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் வெளிப்பக்கம் ஒரு கல், உள்பக்கம் ஒரு கல், இரண்டும் நீளவாக்கில் நிற்கும். இரண்டின் தடிமனும் சேர்ந்து ஆறு அங்குலம், நடுவில் மூன்று அங்குலம் வெற்றிடம். அடுத்து ஒரு கல் குறுக்காக நின்று இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். இப்படி மாறி மாறி வரும். அதே ஒன்பது இஞ்ச் சுவர்தான், ஆனால் ஏறத்தாழக் கால்வாசிக் கல் மிச்சம். கலவையும் குறையும். உள்ளே காற்று நிற்பதால் வெயில் சூடு சட்டென்று உள்ளே இறங்காது. மூலைகளில் அந்த வெற்றிடத்துக்குள் கம்பி இறக்கிக் கான்கிரீட் போட்டால் சுவருக்கு முதுகெலும்பு மாதிரி ஆகிவிடும். அடிவரி, ஜன்னலின் கீழ்வரி, கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லின்டல் வரி, மேல்வரி என்ற இந்தக் கல் அடுக்குகளை மட்டும் வெற்றிடம் இல்லாமல் மூடிக் கட்ட வேண்டும்.

காகிதத்தில் இதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். கை பழக ஒரு வாரம் ஆகும். இருபது வருடமாகக் கல்லைப் படுக்கவைத்தே கட்டிய கொத்தனாரின் மணிக்கட்டு, கலவையை அகலமாக வீசிப் பரப்பியே பழகியது. எலிப்பொறிக் கட்டில் அப்படி வீசினால் பாதிக் கலவை வெற்றிடத்துக்குள் விழுந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் மிச்சம் எங்கே, காற்று எங்கே? மூன்று அங்குல அகலத்தில் ஒரு மரச்சட்டத்தை வெட்டி, வெற்றிடத்தின் மேல் வைத்துவிட்டு இரண்டு பக்கமும் கலவை போட வேண்டும். போட்டதும் சட்டத்தைத் தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். வேலையைச் சரியாகச் செய்யவைப்பது இந்தச் சின்னச் சட்டம்தான். இதை வரைபடத்தில் எழுதி அனுப்பிச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஒருவர் சுவர் அருகே நின்று, முதல் நாலு வரியைக் கூடவே போட வேண்டும்.

பேக்கர் அதைத்தான் செய்தார். பெரிய அலுவலகம் வைக்கவில்லை. ஒரு பக்கம் எழுதிய பழைய தாள்களிலும் உறைகளின் பின்பக்கத்திலும் படம் வரைந்தார். நடுவில் ஒப்பந்தக்காரரை வைக்காமல் தன்னோடு பழகிய கொத்தனார்களைக் கொண்டே கட்டினார். தினமும் வேலையிடத்துக்கு வந்தார். நின்ற மரத்தை வெட்ட மனமில்லாமல் சுவரை வளைத்துக்கொண்டு போவது அங்கேயே, அந்த நேரத்திலேயே முடிவாகும். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பெயருள்ள பகுதியில் பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் 1971-ல் தொடங்கி அப்படித்தான் எழுந்தது. சுவர்கள் மரத்தைச் சுற்றிக்கொண்டும் சரிவோடு சேர்ந்தும் போகும். நூல் பிடித்து நேராகக் கட்டுவதையே திறமை என்று நினைத்த கொத்தனார்களுக்கு வளைவும் அதே அளவு திறமையான வேலைதான் என்று அந்த வளாகம் காட்டியது.

கூரைக்கு இன்னொரு பாடம். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், கான்கிரீட் இல்லை. அப்படியானால் கம்பிகளுக்கு நடுவே அந்த இடத்தைக் கான்கிரீட்டால் நிரப்புவானேன்? பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாக வைத்து மேலே கான்கிரீட் போட்டார். ஃபில்லர் ஸ்லாப் என்பது இதுதான். எடையும் குறையும், சிமென்டும் கம்பியும் குறையும். கீழே இருந்து பார்த்தால் ஓட்டின் சிவப்பு வரிசை வரிசையாகத் தெரியும். ஜன்னல் சட்டத்துக்குச் செலவு செய்வதற்குப் பதிலாகச் செங்கல்லை விட்டு விட்டு வைத்துத் துளைச்சுவராக்கினார். திறந்து மூட வேண்டிய இடத்தில் ஒரே பலகை: மேலேயும் கீழேயும் ஒரு குழி, அதில் மாட்டிச் சுழலும் முளை. சட்டம் வேண்டாம், கீலும் வேண்டாம். தன் கையெழுத்திலும் தன் கேலிச்சித்திரங்களிலும் சிறு கையேடுகள் போட்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் படத்தைப் பார்த்தால் விளங்கும்.

இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் மனதில் நிற்கிறது. சுவரைப் பூசாமல் விட வேண்டும் என்றார் பேக்கர். செலவு குறையும் என்பது ஒரு காரணம். ஆனால் கொத்தனாரின் பக்கம் இருந்து பாருங்கள். பூச்சு வந்தால் அவர் வைத்த கல் ஒன்றுகூட வெளியே தெரியாது. கோணல், இடைவெளி எல்லாம் மறைந்துவிடும், நல்ல வேலையும் சேர்ந்தே மறைந்துவிடும். பூசாத சுவரில் ஒவ்வொரு கல்லும் அவர் பெயரைச் சொல்லும். தம்பானூரில் என்னோடு வந்தவர் துளைக்குள் விரல் விட்டுப் பார்த்தது வேறு எதை? முகம் தெரியாத இன்னொரு கொத்தனாரின் கையைத்தான். பூச்சு வேலைக்கும் பெயின்டுக்கும் போகிற பணத்தை நல்ல கைக்குக் கூலியாகக் கொடுக்கலாம் என்பது இதன் மறுபக்கம். பேக்கரின் கணக்கில் சிமென்டுக்கும் இரும்புக்கும் போகும் பங்கு குறையும், வேலை செய்பவருக்குப் போகும் பங்கு கூடும்.

வளர்ந்துகொண்டே இருந்த வீடு

நாலாஞ்சிறையில் ஒரு பாறைச் சரிவில் இருக்கிறது பேக்கர் குடும்பத்தின் வீடு. ஹாம்லெட் என்று பெயர். சின்னக் குடியிருப்பு என்று பொருள். கட்டடம் கட்டத் தோதில்லாத இடம் என்று யாரும் ஒதுக்கிவிடக்கூடிய சரிவு. முதலில் ஒரு சிறிய குடிசைதான். பிள்ளைகள், உறவினர், வந்து தங்குபவர் என்று தேவை வந்தபோதெல்லாம் ஓர் அறை, ஒரு திண்ணை, ஒரு படி எனக் கூடியது. இடித்த வீடுகளிலிருந்து வந்த மரம், உடைந்த கண்ணாடித் துண்டு, மீந்த ஓடு என எல்லாம் அந்தச் சுவர்களில் இடம் பிடித்தன. ஒரே நாளில் திட்டம் போட்டு முடித்த வீடு இல்லை அது. குடும்பம் வளர வளரக் கூடவே வளர்ந்த வீடு.

அவருடைய தொழில்முறைக்கும் இந்த வீட்டுக்கும் உள்ள தொடர்பை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வாடிக்கையாளர் வந்தால் பேக்கர் முதலில் கேட்பது குடும்பத்தைப் பற்றி: வீட்டில் எத்தனை பேர், சமையல் எப்படி, என்ன வேலை, கையில் எவ்வளவு இருக்கிறது. கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் என்று எஞ்சினியருக்கோ ஆர்க்கிடெக்டுக்கோ கட்டணம் கொடுக்கும் வழக்கத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. செலவைக் குறைத்தால் அவருடைய வருமானமும் குறையும். செலவு குறைப்பதையே வேலையாக வைத்துக்கொண்ட ஒருவர் அந்த வழியில் பணம் சேர்த்திருக்க முடியாது. எளிமையாக வாழ ஒத்துக்கொண்ட ஒரு குடும்பம் பின்னால் இல்லாமல் இந்த வேலை நாற்பது வருடம் நடந்திருக்காது. எலிசபெத் தொழுநோயாளிகளுக்கும் மலைவாசிகளுக்கும் வைத்தியம் பார்த்த டாக்டர். வசதியான ஊரில் வசதியாக இருந்திருக்கலாம். பேக்கரைப் பற்றி எழுதும்போது எலிசபெத்தைத் துணைவியார் என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மலையில் மருத்துவமனை அவருடையது, கணவர்தான் அங்கே உதவியாளர். பிறகு நகரத்தில் வேலையிடம் கணவருடையது. மாறி மாறித் தோள் கொடுத்தார்கள்.

பல வருடம் காத்திருந்து 1980-களின் இறுதியில் இந்தியக் குடியுரிமை பெற்றார் பேக்கர். 2007 ஏப்ரல் 1-ம் தேதி, 90-வது வயதில், திருவனந்தபுரத்தில் இறந்தார். எலிசபெத் 2011-ல்.

நின்றதும் நிற்காததும்

ஓர் ஆசிரியரை மதிப்பிட அவர் போன பிறகு மாணவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். 1985-ல் கேரளத்தின் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், கே. என். ராஜ், பேக்கர் ஆகியோர் சேர்ந்து காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அது இன்றும் கட்டுகிறது, பயிற்சியும் கொடுக்கிறது. 1980-களின் நடுவில் கொல்லத்தில் தொடங்கிய நிர்மிதி கேந்திரம் இதே முறைகளைக் கொத்தனார்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்தது. பிறகு அப்படிப்பட்ட கட்டட மையங்கள் நாட்டின் பல இடங்களில் வந்தன. இந்தப் பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது பெண்கள் கரணை பிடித்ததுதான். நம் பக்கத்தில் பெண் என்றால் ஆயுள் முழுக்கச் சித்தாள்தான். முப்பது வருடம் கல்லும் கலவையும் சுமந்தாலும் கொத்தனார் கூலிக்கு வர முடியாது. அந்தக் கதவைக் கேரளத்தில் கொஞ்சமாவது திறந்தவை இந்தப் பயிற்சிகள்.

நிற்காததையும் சொல்ல வேண்டும். பேக்கர் பாணி என்ற பெயரில் வெளிச்சுவரில் செங்கல் தெரிகிற மாதிரி டைல் ஒட்டி, உள்ளே வழக்கமான சிமென்ட் வேலையே செய்கிற வீடுகள் இன்று நிறைய. துளைச்சுவரை அழகுக்கு மட்டும் வைத்து, அதன் பின்னால் கண்ணாடி போட்டு ஏசி மாட்டுகிறார்கள். நல்ல செங்கல் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. சுட்ட கல்லின் முனைகள் சீராக இல்லாவிட்டால் எலிப்பொறிக் கட்டும் பூசாத சுவரும் தாங்காது. மழை அதிகமான இடத்தில் பூசாத சுவருக்குக் கூரை வெளியே நன்றாக நீட்டி இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் நகல் எடுத்தால் பாசி பிடிக்கும், ஈரம் இறங்கும். அப்புறம் பழி முறையின் மேல் விழும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே காரணம்தான் எனக்குத் தெரிகிறது. முறையைப் படம் பார்த்து எடுத்துக்கொண்டார்கள், கூட நிற்கிற ஆளை எடுத்துக்கொள்ளவில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கும் ஒப்பந்தத்தில், கொத்தனார் பழகுவதற்கான அந்த முதல் வாரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. பேக்கர் தன் நேரத்தைக் கொண்டு அந்த வாரத்தை ஈடுகட்டினார். வேறு யார் ஈடுகட்டுவது என்பதற்கு இன்னும் ஏற்பாடு இல்லை.

எனக்கு இது நேரடி அனுபவம். ஒரு சின்ன வீட்டுக்கு எலிப்பொறிக் கட்டு போடலாம் என்று உரிமையாளர் ஒப்புக்கொண்டார். நான் படத்தை வரைந்து கொத்தனார்களிடம் கொடுத்துவிட்டு வேறு வேலையிடத்துக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள் திரும்பி வந்து மேலிருந்து பார்த்தபோது வெற்றிடத்தில் பாதி கலவையால் அடைந்து கிடந்தது. தவறு கொத்தனார்களுடையது இல்லை. சட்டம் வைத்து வேலை செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு நான் காட்டவே இல்லை. நாலு வரியைப் பிரிக்கச் சொன்னேன், அந்தக் கூலி என் கணக்கில். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் இருவரையும் தம்பானூருக்கு அழைத்துப் போனேன்.

திங்கள் காலை நான் வேலையிடத்துக்குப் போனபோது மூத்தவர் எனக்கு முன்பே வந்திருந்தார். கான்கிரீட் போடும்போது கீழே தாங்கும் சென்டரிங் பலகை ஒன்றில் பென்சிலால் கோடு போட்டு, டேப்பை வைத்து இரண்டு தடவை அளந்து, மூன்று அங்குல அகலத்தில் ஒரு சட்டம் அறுத்துக்கொண்டிருந்தார். பிடித்துத் தூக்கத் தோதாக அதன் நடுவில் ஒரு துண்டுக் கட்டையையும் ஆணி அடித்தார். "இன்னொண்ணு வேணும் சார், அவனுக்கும்" என்றார். நான் ரம்பத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.